ஆம்புலன்ஸ் பற்றிய ஒரு வரி

எங்கள் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். எழுதினேன் என்று சொல்வதுகூட அதிகம்தான். ஆங்கிலத்தில் யாரோ எழுதியதைத் தமிழாக்குவதும், தமிழில் யாரோ பேசியதை ஆங்கிலமாக்குவதும்தான் என் வேலை. பதவியின் பெயர் மொழிபெயர்ப்பாளர். பல்லடத்துக்கும் சூலூருக்கும் நடுவில் இருக்கிற அந்த வளாகத்தில் அந்தப் பதவிக்கு நான் ஒருத்திதான். பட்டமளிப்பு விழா உரையிலிருந்து கழிப்பறைக் கதவில் ஒட்டும் அறிவிப்பு வரை எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். மூன்றாவது முறை எழுதியபோது என் வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதில் ஒரு வரியை வைப்பதா, எடுப்பதா என்பது மட்டும்தான் அப்போது எனக்கு இருந்த கேள்வி. 'வளாகத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் ஆம்புலன்ஸ் வசதி உண்டு' என்ற வரி.

அந்த வரியும் நான் எழுதியதுதான். முதல் பதிப்பில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் கொண்டுவந்தபோது, 'உண்டு' என்று முடிப்பதா 'உள்ளது' என்று முடிப்பதா என்று அரை நாள் யோசித்தது நினைவிருக்கிறது. அந்த மாதிரிக் கவலைகள் இருந்த காலம் அது.

வரலாறு பெரியதில்லை. நகரத்தில் மூடிப்போன ஒரு பஞ்சாலையின் குடோனில், வாடகைக்கு, பல்கலைக்கழகம் தொடங்கியது. முதல் துணைவேந்தருக்குக் கிடைத்த மேசை, பஞ்சுப் பொதியைப் பிரித்துப் பார்க்கிற மேசையாம். அவர் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுவாராம். பிறகு அரசாங்கம் இங்கே சோளமும் கொள்ளும் விளைந்த காட்டை எடுத்துக் கொடுத்தது. காடு கொடுத்த குடும்பங்களுக்கு வேலை என்று பேச்சு. அப்படி வந்தவர்களில் சிலர் காவலர் ஆனார்கள், சிலர் தோட்ட வேலைக்குப் போனார்கள், படித்தவர்கள் எழுத்தர் ஆனார்கள். எங்கள் நிர்வாகப் பிரிவின் கண்காணிப்பாளர் அப்படி வந்தவர். நூலகம் நிற்கிற இடம் அவருடைய அப்பாவின் காடு. நூலகத்துக்குப் போகும்போதெல்லாம், "எங்க கெணத்து மேட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். இதை நான் இரண்டாம் பதிப்பில் சேர்த்திருந்தேன். வரலாற்றில் கிணறு எதற்கு என்று பதிவாளர் அடித்துவிட்டார்.

வளாக வசதிகள் என்ற பகுதி இன்னும் வேடிக்கை. மழை வந்தால் ஒழுகுகிற உள்விளையாட்டரங்கம் 'நவீன' உள்விளையாட்டரங்கம் ஆகிவிடும். புளிசாதமும் தக்காளிசாதமும் போடுகிற கேன்டீன் 'பல்சுவை உணவகம்' ஆகும். எனக்கு இந்த அடைமொழிகளைக் கண்டாலே எரிச்சல். 'உலகத்தரம்' என்ற சொல்லை மட்டும் எந்தப் பதிப்பிலும் நான் சேர்த்ததில்லை. பதிவாளர் கேட்டால், அதற்குச் சரியான தமிழ் கிடைக்கவில்லை சார் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அவரும் சரி விடுங்கள் என்பார். அந்த ஆம்புலன்ஸ் வரியில் அப்படி எந்த அடைமொழியும் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொன்ன வரி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நாங்கள் வளாகத்துக்குள்ளேயே ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பல்கலைக்கழகத்தோடு சம்பந்தமில்லை. பல்லடத்தில் சொந்தக்காரர் ஒருவரின் விசைத்தறிக் கூடத்தை அவர் பார்த்துக்கொண்டார். தினமும் மொபெட்டில் போய் வருவார். தறிச் சத்தத்தில் இருந்து இருந்து வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். "அம்மணி, மோட்டார் போடட்டுமா?" என்று அவர் கேட்டால், பக்கத்து வீட்டில் இருக்கிற விடுதிக் காப்பாளர் அவர் வீட்டு மோட்டாரைப் போடுவார். எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் ஆகிப் பெங்களூரில் இருக்கிறாள்.

எங்கள் வாகனப் பிரிவில் ஆயுத பூஜை ரொம்பச் சிறப்பு. அலுவலகத்துக்கு முந்தின நாளே பூஜை முடிந்துவிடும். ஆனால் வண்டிக் கொட்டகையில் பூஜை அன்றைக்கேதான் செய்வார்கள். ஓட்டுநர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். பேருந்து, ஜீப், டிராக்டர், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டுவார்கள். எல்லா வண்டிச் சாவியையும் ஒரு தாம்பாளத்தில் போட்டு, கொட்டகையை ஒட்டிய சின்ன அறையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மேலே பூவைப் போடுவார்கள். முன்னின்று செய்வது கண்காணிப்பாளர். வாகனப் பிரிவும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அப்படி வைத்த சாவியை அன்றைக்கு எடுக்கக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி ஒரு சூடத்தைக் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அப்புறம்தான் வண்டி நகரும். வருஷா வருஷம் இப்படித்தான். ஆம்புலன்ஸ் சாவியையும் அந்தத் தாம்பாளத்தில் போட வேண்டுமா என்று யாரும் யோசித்ததில்லை. நானும் ஒவ்வொரு வருஷமும் போய்ப் பொரி வாங்கி வந்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கிறிஸ்தவர். சூலூர்ப் பக்கம் கோயில் தெருவில், அதாவது மாதா கோயில் தெருவில், வீடு. ஒப்பந்தத்தில் இருந்தவர். ஒவ்வொரு பங்குனியிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். நாற்பது வயதிருக்கும், என்னை 'மேடம்' என்பார், நான் 'தம்பி' என்பேன். பூஜைக்கு வாழைக்கன்று வெட்டி வந்து எல்லா வண்டிக்கும் கட்டுவது அவர்தான். பொரி கொடுத்தால் இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் எல்லோருக்கும் கேக் கொண்டுவருவார். யாரும் யாரையும் புண்படுத்தாமல் நடந்துகொள்கிற இடம் அது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷத்து ஆயுத பூஜை அன்று தறிக் கூடத்திலும் பூஜை. என் வீட்டுக்காரர் மத்தியானமே பொரியும் சுண்டலும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தறி ஓடாத நாளில் அவருக்கு எதுவும் ஓடாது. ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் சோபாவில் வந்து உட்கார்ந்து, "அம்மணி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது" என்றார். அன்றைக்கு அவர் கத்திப் பேசவில்லை. அதனாலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஓட்டுநருக்குப் போன் போட்டேன். "இதோ வாரேனுங்க மேடம்" என்றார். வாசலில் வந்து நின்றேன். வண்டி வரவில்லை. மறுபடி போட்டேன், போன் வேறு யாருடனோ பேச்சில் இருந்தது. உள்ளே அவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு, "அவங்களைத் தொந்தரவு பண்ணாதே, நல்ல நாளும் அதுவுமா" என்றார். மறுபடி போட்டேன், அப்போதும் பேச்சில்தான் இருந்தது. வாசலுக்கும் சோபாவுக்குமாக எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டுக் காப்பாளர் என் சத்தம் கேட்டு வந்து, தன் காரை எடுத்தார். இரண்டு பேருமாக அவரைத் தூக்கிப் பின்சீட்டில் சாய்த்தோம்.

நூலகத்தைத் தாண்டும்போது எதிரே சைரன் கேட்டது. காப்பாளர் காரை அப்படியே ஓரம் கட்டினார். ரோட்டில் எப்போதும் செய்கிற பழக்கம். வாழைக்கன்று ஆட ஆட, நெற்றியில் சந்தனத்தோடு, ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து போனது. எங்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அது எங்களுக்கு வந்த வண்டி என்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைப்பதற்குள் அது திரும்பி மறைந்துவிட்டது. அப்புறம் நிறுத்த நேரமில்லை. சூலூர் தாண்டும்போது என் மடியில் இருந்த தலை கனமாகியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஏம்மா இவ்வளவு நேரம் கழித்துக் கொண்டு வந்தீர்கள் என்று.

நடந்ததை மூன்றாம் நாள் ஓட்டுநரே வந்து சொன்னார். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். உறவுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். போன் வந்ததும் அவர் சின்ன அறைக்கு ஓடியிருக்கிறார். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்திருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாம்பாளம் முன்னாலேயே இருந்தது. பூவை விலக்கினால் சாவி. அவருக்குக் கை போகவில்லை.

"நாம வேத்து மதத்துக்காரன், அவங்க சாமிகிட்ட வெச்சதைக் கேக்காம எடுத்தா நல்லாருக்காதேன்னு நெனச்சுப்போட்டனுங்க மேடம். ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கலாம்னு கண்காணிப்பாளர் சாருக்குப் போன் போட்டனுங்க. அவரு எடுக்கலைங்க. திருப்பித் திருப்பிப் போட்டுட்டே இருந்தனுங்க" என்றார்.

கண்காணிப்பாளர் அப்போது குடும்பத்தோடு ஆனைமலையில், மாசாணியம்மன் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்து போனைப் பார்த்து, கூப்பிட்டு, "அட, எடுங்கொ! இதுக்குப் போயா கேக்கறீங்க?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவர் சத்தம் போட்டபோது நாங்கள் காரில் ஏறிக்கொண்டிருந்திருப்போம்.

நான் ஓட்டுநரிடம், "சரிங்க தம்பி" என்றேன். அவர் போய்விட்டார். என் நாத்தனார், "அந்தாளைச் செருப்பால அடிக்காம சரிங்கறயே" என்றாள். நியாயம்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கைப்பையில் வீட்டுச் சாவியைத் துழாவுவது போலக் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அழுகையும் அப்படித்தான். அவரை வீட்டிலிருந்து எடுக்கும்போதும் அழவில்லை, பதினாறாம் நாள் காரியத்திலும் அழவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கறா" என்று யாரோ சமையலறையில் சொன்னார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்கள். கேட்டது. அவ்வளவுதான்.

வேலைக்குத் திரும்பினேன். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தினார்கள். நான் கேன்டீனுக்குப் போனால் எழுந்து இடம் கொடுத்தார்கள். கண்காணிப்பாளர் கோப்பைத் தானே என் மேசைக்கு எடுத்து வந்து வைத்துவிட்டு, "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். ஓட்டுநர் என்னைக் கண்டால் வண்டிக்குப் பின்னால் போய்விடுவார். மாரடைப்பு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் கிளம்பிவிட்டார்கள், விதி. இப்படித்தான் வளாகத்தில் பேச்சு முடிந்திருந்தது. பொய் ஒன்றும் இல்லை அதில். நான் காலையில் எழுந்தேன், குளித்தேன், ஒரு டம்ளர் அரிசி போட்டேன். இரண்டு டம்ளர் போட்டுவிட்டுத் திகைத்து நிற்பது கதைகளில்தான் நடக்கும். எனக்கு முதல் நாளே சரியாக ஒரு டம்ளர்தான் கைக்கு வந்தது. அதை நினைத்துத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மகள் போனில், "எங்கூட வந்துருங்கம்மா" என்பாள். பார்க்கலாம் கண்ணு என்பேன்.

தை மாதம் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் கொடுக்கிற தரத்தை வைத்துத்தான் அடுத்த சில வருஷம் பல்கலைக்கழகம் தலைநிமிர்ந்து நடக்க முடியும். 'வரலாறும் வளாக வசதிகளும்' என்ற கையேட்டை இரண்டு மொழியிலும் புதுப்பித்துத் தர வேண்டும், குழு சுற்றிப் பார்க்கிற மூன்று நாளும் கூடவே நடந்து ஊழியர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "உங்களால முடியுமாம்மா? இல்லைன்னா வெளியில யாரையாவது பார்க்கறேன்" என்றார். நல்ல மனுஷர். முடியும் சார் என்றேன். வேலை செய்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

குடோன், பஞ்சு மேசை, சோளக் காடு எல்லாம் விறுவிறு என்று வந்தன. நூலகம், விடுதிகள், விருந்தினர் இல்லம், புதிதாகக் கட்டிய ஆய்வகம். பிறகு சுகாதார மையம். பழைய பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வரியையும் அப்படியே அடித்தேன். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, திரும்ப அதைப் படித்தேன். இது உனக்கு வலிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வலிக்கவில்லை. அந்த வரியில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல், சேர்த்துப் படித்தால் வேறு யாருடைய ஊரைப் பற்றியோ எழுதியது போல இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. துக்கத்தில் அல்ல, அது தப்பு என்பதால். தப்பாக எழுதியிருப்பதைத் திருத்தித்தான் எனக்குப் பழக்கம்.

திருத்தப் படியைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தபோது அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தேன். அவர் அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்தறலாம்னு பாக்கறீங்களா மேடம்?"

"ஆமாங்க."

"போன பதிப்புல இருந்தது இதுல எங்கேன்னு கேப்பாங்க. கேட்டா விசாரிப்பாங்க. விசாரிச்சா கடைசியில அந்தாளு தலையிலதானுங்க விடியும். பங்குனியில ஒப்பந்தம் முடியுது. ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க." திருத்தப் படியை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "எந்தலையில விடிஞ்சாக்கூடப் பரவால்லீங்க. ஆனா எந்தலையில விடியாது. அதுதானுங்க இங்க நெலமை."

அவர் சொன்னது அத்தனையும் சரி. வட்டத்தை ரப்பரால் அழித்தேன். "இருக்கட்டுங்க" என்றேன். வரி இருந்தது. அச்சுக்குப் போனது.

குழு வருவதற்கு முந்தின நாள் ஒத்திகை. எங்களுக்கு இது கை வந்த கலை. வாடகைப் பூந்தொட்டிகள் லாரியில் வந்து இறங்கின. மரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பும் காவியும் அடித்தார்கள். யார் எங்கே நிற்பது, என்ன கேட்டால் என்ன சொல்வது என்று கண்காணிப்பாளர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். நூலகர், தோட்டக்காரர், கேன்டீன் மாஸ்டர் எல்லோரும் சொல்ல, நான் பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். சுகாதார மையத்து முன்னால் ஓட்டுநர் வெள்ளைச் சீருடையில் நின்றார். கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் போவீர்கள் என்று கண்காணிப்பாளர் கேட்டார். "அஞ்சு நிமிஷமுங்க" என்றார் ஓட்டுநர், தரையைப் பார்த்து. நான் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் என்றேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லோணுமுங்க" என்றார் கண்காணிப்பாளர். ஓட்டுநர் சத்தமாகச் சொன்னார். நானும் சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் குழு வந்தது. அதில் ஒரு பேராசிரியை, என் வயதுதான் இருக்கும், வடக்கே எங்கோ ஊர். எல்லோரும் கட்டடத்தைப் பார்க்க, அவர் மட்டும் ஆட்களைப் பார்த்தார். கேன்டீனில் தட்டுக் கழுவுகிற பெண்ணிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. சுகாதார மையத்து வாசலில் பந்தல் போட்டு, குழுத் தலைவருக்கும் துணைவேந்தருக்கும் வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவர்கள் உட்காரவில்லை. பதிவாளரும் கண்காணிப்பாளரும் பக்கத்தில் நின்றார்கள். பேராசிரியை கையேட்டைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்து, ஆம்புலன்ஸைப் பார்த்தார், பிறகு ஓட்டுநரைப் பார்த்தார். எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்வீர்கள் என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன்.

ஓட்டுநர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து, மறுபடி கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தி, அந்த நான்கு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒன்னு சொல்லோணுமுங்க மேடம். இவங்களுக்குச் சொல்லிப்போடுங்க. எப்பவும் போவமுங்க. ஆனா ஒரு நாள் போகலைங்க. அன்னைக்கு சாவி எங்கிட்ட இல்லீங்க. எடுக்கறதுக்கு ஆளைக் கேட்டுட்டு நின்னுட்டனுங்க. அதனால இந்த மேடத்தோட ஊட்டுக்காரரு போயிட்டாருங்க."

பேராசிரியை என்னைப் பார்த்தார். ஓட்டுநர் இவ்வளவு நீளமாகச் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும். கண்காணிப்பாளர் என் பின்னால் வந்து, காதோரம், "மேடம், அஞ்சு நிமிஷம்னே சொல்லிருங்க. அந்தாளைக் காப்பாத்துங்க" என்றார். பதிவாளர் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநருக்கு அது கேட்டிருக்கும். "வேண்டாமுங்க மேடம். எனக்கு வர்றது வரட்டுமுங்க. நீங்க சொல்லுங்க" என்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பங்குனியில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது பல்லடத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இப்படித்தான் ஆகும் என்று அந்தப் பந்தலில் நின்றபோதே அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐந்து நிமிடம் என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் எல்லோரும் நகர்ந்து கேன்டீனுக்குப் போயிருப்போம். அவரை நான் மன்னித்துவிட்டேனா, பழி வாங்கினேனா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அவர் சொல்லச் சொன்னார். என் வேலை சொல்வது.

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு நாள் போகவில்லை. சாவி இவரிடம் இல்லை. எடுப்பதற்கு அனுமதி கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார். அதனால் இந்த அம்மாவின் கணவர் இறந்துவிட்டார். வானிலை அறிக்கை படிப்பது போலத்தான் என் குரல் இருந்தது, எனக்கே கேட்டது.

பேராசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார். கும்பலில் நின்ற நர்ஸைப் பார்த்தார், கூட்டுகிற பெண்ணைப் பார்த்தார். எந்த அம்மா என்று கேட்டார். மெதுவாக, அன்பாகத்தான் கேட்டார். அந்த அம்மா இங்கே இருக்கிறாரா, அவரோடு நான் பேச வேண்டும் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கேள்வியைத் தமிழில் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கேட்பதற்கு ஆள் இல்லை.

"நான்தான்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அந்தச் சொல்லோடு பக்கவாட்டில் சாய்ந்தேன். பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. கண்காணிப்பாளர் "தண்ணி, தண்ணி" என்றார். பதிவாளர் துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர் தலைவரைப் பார்த்தார். ஓட்டுநர் பந்தலுக்குள் புகுந்து, தலைவருக்கென்று துண்டு விரித்துப் போட்டிருந்த நாற்காலியை, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், தூக்கிக்கொண்டு ஓடி வந்து எனக்குப் பின்னால் போட்டார். நான் அதில் விழுந்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கத்தி அழுதேன்.